காய்ந்துபோன பச்சை பெயிண்ட்

ஷெட் கதவு முழங்கால் உயரம்கூட ஏறவில்லை, அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டது. கிரீச் என்று ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி கிரீச் என்று முடித்தது. கையில் ரிமோட்டோடு குனிந்து நின்றவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூக்கில் வியர்த்தாற்போல் மனைவி பின்வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"என்னங்க, ஷெட்டுல என்ன வேல?"

"ஸ்க்ரூடிரைவர் எடுக்க வந்தேன்."

"நேத்தும் அதத்தான எடுத்தீங்க?"

"அது நட்சத்திர மூஞ்சி. இது தட்ட மூஞ்சி."

சொன்ன வாய்க்கு மரியாதை வேண்டுமே. உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இந்த வகையில் ஒரு வருடத்துக்குள் கூடத்து அலமாரிக்கு ஏழு ஸ்க்ரூடிரைவரும் மூன்று சுத்தியலும் ஒரு சைக்கிள் பம்பும் குடிவந்துவிட்டன. வீட்டில் சைக்கிளே கிடையாது.

அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை, கமா சார் என்றால்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, மளிகைக் கடை பில் எது கைக்கு வந்தாலும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிடும். திருத்திக் கொடுத்த பிறகு, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விழிப்பார்.

அவர் ஷெட்டுக்குள் போவது ஸ்க்ரூடிரைவருக்காக இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். உள்ளே இரண்டாவது தட்டில் நாலு லிட்டர் டப்பா ஒன்று இருக்கிறது. மேலே, 'பச்சை பெயிண்ட், பழசு' என்று அவர் கையெழுத்து. உள்ளே சாக்லேட் கிரீம் பிஸ்கட்.

டாக்டர் சர்க்கரையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"இன்னொரு தடவ வாய வச்சீங்கன்னு தெரிஞ்சுது, அக்காவ வரச் சொல்லிடுவேன். மூணு மாசம் கூட இருந்து பாத்துப்பா."

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். முன்பு ஒரு தடவை வந்து பத்து நாள் தங்கினார். காலை ஐந்து மணிக்கு இவரை எழுப்பி நடக்கவிட்டார். தட்டில் விழுந்ததை எல்லாம் தராசில் வைத்து நிறுத்தார். பத்தாம் நாள் கமா சார் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்டார். எமனிடம் போய் நாலு வார்த்தை பேசி நாள் வாங்கினாலும் வாங்கலாம், அந்த அம்மாவிடம் நடக்காது.

ஆக ஒரு நாளைக்கு இரண்டு பிஸ்கட், ஒரு பக்கம். மூன்று மாதம் அக்கா, மறுபக்கம். நடுவில் இந்தக் கதவு. வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வழி கிடையாது, இதைத் தூக்கினால்தான் உண்டு. தூக்கினால் கத்துகிறது. கத்தினால் கரண்டி வருகிறது. வாரத்தில் ஏழு நாள் முயன்றால் இரண்டு நாள்தான் பிஸ்கட் வாய்க்கு எட்டுகிறது.

இத்தனைக்கும் கதவு பிறவியிலேயே கத்துகிற கதவு இல்லை. போன வருடம் மெக்கானிக் வந்து சர்வீஸ் பார்த்துவிட்டுப் போனாரே, அன்றைக்குத்தான் சத்தம் பிறந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடலாம் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"கதவு ஏறுது, எறங்குது. சத்தம் அது பாட்டுக்கு இருக்கட்டும். திருடன் வந்தா தெரியும்ல?" என்பாள் மனைவி.

அந்தத் திருடன் தான்தான் என்பதை அவளிடம் சொல்லவா முடியும்.

சனிக்கிழமை காலை மனைவி கார் சாவியை எடுத்தாள். வீட்டில் கார் ஓட்டுவது அவள்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைகளின் பெயர்ப் பலகையில் பிழை பார்ப்பதோடு சரி.

"அக்காவக் கூட்டிட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன்."

அவர் வாசல்வரை பின்னாலேயே ஓடினார். "எத்தன நாளைக்கு?"

"பாத்துட்டுப் போவா."

"யார?"

"வீட்டத்தான். வேற யார?"

கார் தெருமுனை திரும்பியதும் முதல் காரியமாக இரண்டு பிஸ்கட்டை உள்ளே தள்ளினார். பிறகுதான் யோசனை வந்தது. இன்றைக்கு அவள் இல்லை, சரி. நாளைக்கு? சத்தத்தை ஒரேயடியாக ஒழித்துவிட்டால் ஆயுசுக்கும் நிம்மதி. அவள் கேட்டால், கதவுப் பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பொறுப்பான குடும்பத் தலைவன் என்று பெயர்கூட வரும்.

கதவு கம்பெனி கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்தார். பதினாறு பக்கம். அதை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருக்கிறார். இருபத்து மூன்று பிழைகள் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம்கூடப் போட்டார், பதில் வரவில்லை. ஐந்தாம் பக்கத்தில், கதவின் உருளைகள் ஓடும் தண்டவாளத்தைத் துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் விடவே கூடாது என்று போட்டிருந்தது. அந்த வரியில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துவிட்டுத் திருப்தியோடு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.

எண்ணெய் என்ற சொல் மட்டும் மனதில் நின்றது. எதிர்வீட்டு இயற்பியல் வாத்தியார் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, கதவுக்கு எண்ணெய் விடணும். என்ன எண்ணெய் விடறது?"

வாத்தியார் குழாயைக் கீழே போட்டுவிட்டார். லீவு நாளில் யாராவது சந்தேகம் கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிற ஜாதி அவர்.

"சார், சத்தம் எதனால வருது? உராய்வு. எண்ணெய் போனா உராய்வு போயிடும். அது எந்த எண்ணெய்னு உராய்வுக்குத் தெரியவா போகுது?"

"அப்ப சமையல் எண்ணெய்?"

"தாராளமா."

அரை பாட்டில் எண்ணெய் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் இறங்கியது. மீதியைக் கமா சார் ஸ்டூல் மேல் ஏறி, தேக்கரண்டியால் ஒவ்வொரு கீலுக்கும் ஊட்டினார். மேலிருந்து மூன்றாவது கீலின் இடுக்கில் நகம் அளவுக்கு ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது.

"இது என்ன வாத்தியாரே? எடுத்துடலாமா?"

"வேண்டாம் சார். கம்பெனிக்காரன் காரணமில்லாம ஒன்னும் வைக்கமாட்டான்."

ஆகவே அந்தத் தகரத்துக்கும் மரியாதையாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டு இறங்கி, ரிமோட்டை அழுத்தினார்.

கிரீச் போகவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் இழுத்துப் பாடியது. அதோடு கதவு வழுக்கிக்கொண்டு தடதடவென்று ஏறி, மேலே போய் முட்டி, அண்ணாந்து பார்த்தவர் நெற்றியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டது.

"கொஞ்சம் அதிகமாயிடுச்சு போலிருக்கு. கவலப்படாதீங்க, எண்ணெய்க்கு எதிரி சோப்பு," என்றார் வாத்தியார்.

ஒரு வாளி சோப்புத் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் தேய்த்த தேய்ப்பில் நுரை தரையெல்லாம் ஓடியது. கதவின் அடியில் இரண்டு பக்கமும் பொத்தான் அளவுக்கு ஒரு கண் உண்டு. குறுக்கே யாராவது நின்றால் பார்த்துக் கதவை நிறுத்துகிற கண். நுரை அதன்மேல் போய் உட்கார்ந்தது. கதவு பாதி இறங்கும், நுரையை ஆள் என்று நினைத்துக்கொண்டு திரும்ப ஏறும். மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவையும் கிரீச் உண்டு. மூன்றாம் வீட்டு நாய் பதில் பாட ஆரம்பித்தது.

கமா சார் பாய்ந்து சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். துடைத்த வேகத்தில் அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதன்பிறகு கதவு ஒரே பிடிவாதமாக மேலேயே நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம்.

"இப்ப என்ன பண்றது வாத்தியாரே?"

"மோட்டார விட்டுத் தள்ளுங்க. சிவப்புக் கயிறு ஒன்னு தொங்குதே, அத இழுத்தா மோட்டார் கழண்டுக்கும். கையால எறக்கிடலாம். அதுக்கு முன்னால போல்ட்டெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடுங்க."

கமா சார் ஸ்பேனரோடு ஸ்டூலில் ஏறினார். எல்லா போல்ட்டும் கறுப்பாக இருந்தன. கதவின் கீழ் ஓரத்தில், கதவைத் தூக்கும் கம்பி வந்து சேருகிற இடத்தில் மட்டும் சிவப்பாக ஒன்று. சிவப்பு என்றால் அவரைப் பொறுத்தவரை திருத்தவேண்டியது என்று அர்த்தம். அரைச் சுற்று தளர்த்தி, அரைச் சுற்று முறுக்கினார். ஏதோ ஒன்று டொய்ங் என்றது. ஒரு பக்கக் கம்பி துவண்டு தொங்கியது.

"சார், வீட்டுல கூப்பிடறாங்க," என்றார் வாத்தியார். யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை. ஆனாலும் போய்விட்டார்.

தனியாக நின்ற கமா சார் நேராக இரண்டாவது தட்டுக்குப் போனார். ஒரு பிஸ்கட் போட்டால் தெம்பு வரும் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, தட்டிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அப்படியே வந்து, இன்னொரு கையால் சிவப்புக் கயிற்றை இழுத்தார்.

மோட்டாரும் பிடிக்காமல், ஒரு கம்பியும் தாங்காமல், எண்ணெய் வழிகிற தண்டவாளத்தில் கதவு இறங்கி வந்தது பாருங்கள், அவர் ஐயோ என்பதற்குள் முக்கால்வாசி வந்துவிட்டது. டப்பாவைப் போட்டுவிட்டு உள்பக்கமாகத் தாவினார். டமால்.

கண்ணைத் திறந்து பார்த்தால், கதவு தரையைத் தொடவில்லை. பெயிண்ட் டப்பாவின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. டப்பா உயரத்துக்கு ஒரு சந்து. அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். மற்றபடி இருட்டு. போன் சாப்பாட்டு மேஜைமேல் பத்திரமாக இருந்தது.

தூக்கிப் பார்த்தார். கதவு அசையவில்லை, இடுப்புதான் அசைந்தது. சரி, முதலில் தடயத்தை ஒழிப்போம் என்று நினைத்தார். உள்ளே ஒன்பது பிஸ்கட்தான் இருக்கும். ஒரே மூச்சில் தின்றுவிடலாம். தின்ன ஆள் இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது, திறக்கவேண்டிய மூடிமேல் கதவு உட்கார்ந்திருக்கிறது. டப்பாவை உருவினாலோ கதவு முழுசாக இறங்கிவிடும். அவர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு சந்து வழியே வெளியே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து நின்றது.

"சார், உள்ளயா இருக்கீங்க?" வாத்தியார் குரல்.

"ஆமா. மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்க. நம்பர் கையேட்டோட கடைசிப் பக்கத்துல இருக்கு. கையேடு வெளிய ஸ்டூல் மேல இருக்கு."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"சார், நம்பர்ல ரெண்டு எண்ண சிவப்பு மையில அடிச்சு மாத்தியிருக்கே."

"அது அச்சு சரியில்லன்னு நான் திருத்தினது."

"அப்ப எந்த நம்பருக்குப் போடட்டும்?"

கமா சார் சந்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, "அச்சுல இருக்கறதுக்கே போடுங்க," என்றார்.

மெக்கானிக் வருவதற்கு முன்னால் கார் வந்துவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டதும் அவர் சந்தோடு இன்னும் ஒட்டிப் படுத்துக்கொண்டார். கார் கதவு திறந்து மூடியது. சந்துக்கு முன்னால் மனைவியின் செருப்பு வந்தது. அதன் பின்னால், ரப்பர் அடி வைத்த இரண்டு வெள்ளை ஷூ. ஆஸ்பத்திரியில் போட்டது, ஓய்வு பெற்றும் கழற்றவில்லை.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"இங்கதான். கதவுக்குப் பராமரிப்பு நடக்குது."

"உள்ள இருந்தா?"

வெள்ளை ஷூ மடங்கியது. சந்தில் ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

"மாப்பிள்ள, மூச்சு விட முடியுதா?"

"முடியுதுங்க. நீங்க வாங்க, சௌக்கியமா?"

"தல சுத்துதா? எங்க, நாக்க நீட்டுங்க பாப்போம்."

தரையில் படுத்தபடி கமா சார் நாக்கை நீட்டினார்.

"நாக்கு ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?"

"இருட்டுல இருக்கேன்ல, அதான்."

கண்ணாடி நகர்ந்து டப்பாவைப் பார்த்தது. கமா சாரும் பார்த்தார், பார்த்ததும் அவர் உயிரே நின்றுவிட்டது. சுவரோரமாக ஒரு எறும்பு வரிசை கிளம்பி, நேராக வந்து, டப்பாவின் நசுங்கிய மூடிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏண்டி, எறும்பு பெயிண்ட் திங்குமா?" என்றது மேலேயிருந்து அக்காவின் குரல்.

கமா சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்று மாதம் தராசில் நிறுத்த சாப்பாடு கண்முன்னால் வந்து போயிற்று.

"பழசுன்னு எழுதியிருக்கே அக்கா. பழைய பெயிண்ட்டுன்னா எறும்புக்கு உசுரு," என்றாள் மனைவி.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு வெகுளியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள் மெக்கானிக்கின் கனத்த பூட்ஸ் வந்து சேர்ந்தது. செருப்பும் பூட்ஸும் வெள்ளை ஷூவும் ஓரமாகப் போய் ஏதோ பேசின. இவர் காதில் எதுவும் விழவில்லை. பிறகு கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, இரண்டு கட்டையைக் கொடுத்து, மெக்கானிக் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் தூக்கினார். கமா சார் தவழ்ந்து வெளியே வந்தார். தலையில் எண்ணெய், சட்டையில் நுரை, முழங்காலில் கரி.

மெக்கானிக் தண்டவாளத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"சார், இது சமையல் எண்ணெயா?"

"உராய்வுக்கு எதுவா இருந்தா என்ன?"

"இதுல விடவே கூடாதுன்னு புக்குல போட்டிருக்கே. படிக்கலயா?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

மெக்கானிக்கின் கண் சிவப்பு போல்ட்டுக்குப் போனது. அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. "இதையா தொட்டீங்க? கதவு கீழ இருக்கும்போது தொட்டிருந்தா கையே போயிருக்கும் சார். மேல இருந்ததால தப்பிச்சீங்க."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கதவு கெடக்குது கழுத. உங்களுக்கு ஒன்னு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் கமா சாருக்கு மனசு கரைந்துபோயிற்று. இத்தனை பாசம் வைத்திருப்பவளுக்குத் துரோகம் செய்யக்கூடாது, இனிமேல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான் என்று அங்கேயே முடிவு செய்தார்.

மெக்கானிக் டப்பாவைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். கடகட என்றது.

"பெயிண்ட் குலுங்குது சார்."

"காஞ்சு கட்டி தட்டிடுச்சு."

மனைவி டப்பாவை வாங்கி, மேலிருந்த எறும்பை ஊதிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள். "இருந்த எடத்துலயே வைங்க. பச்சை பெயிண்ட் எப்பவாவது வேண்டியிருக்கும்."

அவர் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது தட்டில் வைத்தார். வைக்கும்போது, காரில் வந்த அக்காவை ஓரக்கண்ணால் அளந்தார். தோளில் ஒரு கைப்பை, அவ்வளவுதான். காரின் டிக்கி மூடியபடி இருந்தது. மூன்று மாதம் தங்க வருகிறவர் கைப்பையோடா வருவார்? சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

மெக்கானிக் ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். கம்பியை மாட்டினார், எண்ணெயைத் துடைத்தார், சுவரைப் பார்த்த கண்ணை நேராகத் திருப்பினார். ஏணியில் ஏறி மூன்றாவது கீலை நோண்டி எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மேலே இருந்தபடியே ரிமோட்டை அழுத்தினார்.

கதவு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு முனகல்கூட இல்லை.

கமா சாரால் நம்பவே முடியவில்லை. சத்தம் போயிற்று, டப்பா தட்டில் இருக்கிறது, அக்கா கையில் ஒரு பைதான். சந்தோஷத்தில், விட்டால் மெக்கானிக்கைக் கட்டிப் பிடித்திருப்பார். போன வருடம் அந்த மனிதரைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்பா. இப்பதான் கதவு கதவா இருக்கு. கீழ எறங்கி வா, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகலாம்."

"இருங்க சார், இன்னும் முடியல," என்ற மெக்கானிக், பையிலிருந்து பளபளவென்று புதுத் தகரத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏணியிலிருந்து வாசல் பக்கமாகத் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மா, போன வருஷம் நீங்க சொருகச் சொன்ன தகடு எண்ணெய்ல ஊறி வீணாப் போச்சு, புதுசு வச்சிடறேன். சத்தம் உங்க அடுப்படி வரைக்கும் கேட்டாப் போதுமா, இல்ல அக்கா மூணு மாசம் தங்கப்போற மாடி ரூமுக்கும் கேக்கணுமா?"